ராக் மாற்றியாச்சு, ஸ்டியரிங் இன்னும் சரியில்லை: அடுத்த செலவை எதில் செய்வது?

ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரங்களை இடம் வலமாகத் தள்ளும் பல்தண்டுதான் ராக். காரில் புது ராக் போட்டு வண்டியை வெளியே எடுத்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. திருச்சி தலைமைத் தபால் நிலைய ரவுண்டானாவைச் சுற்றி வெளியே வருகிறேன். பிடியைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாக நேராக வர வேண்டும், வரவில்லை. கையால் இழுத்துத்தான் நேராக்கினேன். நேர்ச்சாலையில் போகும்போது வீல் (கையில் பிடிக்கும் ஸ்டியரிங் சக்கரம்) வலப்பக்கம் சாய்ந்தே நின்றது. நின்ற இடத்தில் ஒடித்தால் பெடலுக்குப் பக்கத்தில் "டொக்" என்று ஒரு சத்தம். 10 வருடம் ஓடிய சின்ன கார்தான், ஆனாலும் ராக் மாற்றுவதற்கு முன் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

மாற்றிய பட்டறையிலேயே கேட்டேன். "ராக் புதுசு சார், அதில் ஒண்ணும் இருக்காது. ஸ்டியரிங் காலம் போயிடுச்சு, மாத்திடலாம்" என்றார்கள். காலம் (column) என்றால் வீலிலிருந்து டேஷ்போர்டுக்குள் இறங்கும் தண்டும் அதன் உறையும். திருப்ப மோட்டார் உதவும் எலெக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் (இ.பி.எஸ்.) என்பதால் மோட்டாரோடு சேர்ந்த முழு அசெம்பிளி. 20 ஆயிரம் ரூபாய்க்கு மேல் சொன்னார்கள். பணத்தைவிட என்னை உறுத்தியது வேறு. நேற்றுவரை நன்றாக இருந்த ஒரு பொருள், பக்கத்துப் பொருளை மாற்றிய அன்றைக்கே கெட்டுப்போகிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த இரண்டும் சேருகிற இடத்தைத்தானே?

இதே நிலையில் நிற்கிறவர்களுக்கு என்னென்ன வழி இருக்கிறது, எது எப்போது சரி, எதில் பணம் வீண், எதில் உயிருக்கே ஆபத்து என்பதை ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் அமைப்பு, சுருக்கமாக. வீலுக்குக் கீழே டேஷ்போர்டுக்குள் இருப்பது காலம். அதிலிருந்து ஒரு சின்ன தண்டு, இரண்டு முனையிலும் யூ.ஜே. கிராஸோடு (தண்டு மடங்கிச் சுற்ற உதவும் சிலுவை வடிவ இணைப்பு), கீழே ராக்கை நகர்த்தும் பினியன் என்ற பல் சக்கரத்தின் தண்டு வரை போகும். யூ.ஜே. ஷாஃப்ட் என்பது இதுதான். பினியன் தண்டில் நுணுக்கமான பற்கள் வெட்டியிருக்கும். யூ.ஜே.யின் யோக் (கவை போன்ற முனை) அதன்மேல் ஏறி உட்காரும், ஒரே ஒரு போல்ட் அதை இறுக்கிப் பிடிக்கும். ராக் மாற்றும்போது கட்டாயம் கழற்ற வேண்டிய இடம் அது.

மோட்டார் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 1988-இல் சுசுகி செர்வோவில் வந்த எலெக்ட்ரிக் ஸ்டியரிங்கில் மோட்டார் காலத்தோடு இருந்தது. இன்றும் நம் ஊரில் ஓடும் சின்ன கார்கள் பெரும்பாலும் அதே வகைதான். அப்படிப்பட்ட வண்டியில் ராக் என்பது வெறும் இரும்பு, ஒயர் கிடையாது. ராக்கை மாற்றியதால் மோட்டாரோ சென்சாரோ நேரடியாகக் கெட வழியில்லை. கொஞ்சம் பெரிய வண்டிகளில் மோட்டார் ராக்கிலேயே இருக்கும். அந்த ராக்கை மாற்றினால் ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசும் கருவி) வைத்துப் பதிவு செய்தாக வேண்டும். உங்கள் வண்டி எந்த வகை என்று தெரியாமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

எதையும் வாங்குவதற்கு முன்: அரை மணி நேரச் சோதனை

முன்பக்கம் இரண்டு சக்கரத்தையும் ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். என்ஜின் ஆஃப், ஸ்டியரிங் லாக் விழாதபடி சாவி மட்டும் இருக்கட்டும். வீலை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாக, ஒரே வேகத்தில், ஒரு கையால் சுற்றுங்கள். கை சொல்வதைக் கவனியுங்கள்.

ஒவ்வொரு முழுச் சுற்றிலும் இரண்டு முறை இறுகி இரண்டு முறை தளர்ந்தால், அது யூ.ஜே. ஷாஃப்ட். கிராஸ் இறுகியிருக்கலாம். அல்லது ஷாஃப்டின் நடுவில் உள்ள சறுக்குப் பகுதியை உருவி மறுபடி செருகும்போது இரண்டு கிராஸும் ஒன்றுக்கொன்று நேராக வராமல் போயிருக்கலாம். சாய்வாக நிற்கும் கிராஸ், சுற்றும் வேகத்தைச் சுற்றுக்கு இரண்டு முறை கூட்டிக் குறைக்கும். மேல் கிராஸ் செய்யும் கோளாறைக் கீழ் கிராஸ் சரிக்கட்ட வேண்டும், அதற்கு இரண்டும் ஒரே வாக்கில் நிற்க வேண்டும்.

கோடிக்குக் கோடி ஒரே மாதிரி இறுக்கமாக இருந்தால் ராக்கைப் பாருங்கள். ராக்கின் அடியில் பல்லை அழுத்திப் பிடிக்கும் அட்ஜஸ்டர் கூடுதலாக இறுகியிருக்கும். ஆஃபில் நன்றாகச் சுற்றி, ஆன் செய்தால் மட்டும் கோளாறு, கூடவே இ.பி.எஸ். லைட் என்றால்தான் காலத்தின் பக்கம் போக வேண்டும். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இறுக்கமான ராக்கைத் தள்ளித் தள்ளி மோட்டார் சூடேறினால், தன்னைக் காத்துக்கொள்ள உதவியைக் குறைத்துக்கொள்ளும். பார்க்கிற எவருக்கும் காலம் போய்விட்டது போலத்தான் தெரியும்.

இன்னும் சந்தேகம் இருந்தால் கீழ் யூ.ஜே.யைப் பினியனிலிருந்து பிரித்து, பினியனைத் தனியாகக் கையால் சுற்றிப் பாருங்கள். ஒரு விஷயம் மறக்கக் கூடாது: பிரிக்கும் முன் வீலை நேராக வைத்து, சுற்றாதபடி சீட் பெல்ட்டால் கட்டிவிடுங்கள். வீலுக்குப் பின்னால் கிளாக் ஸ்பிரிங் என்று ஒரு சுருள் ரிப்பன் ஒயர் இருக்கிறது. ஏர்பேக்குக்கும் ஹாரனுக்கும் கரண்ட் போவது அது வழியாகத்தான். அதற்கு இரண்டு பக்கமும் சில சுற்றுகள்தான் கணக்கு. கீழே பிரித்துவிட்டு வீலைச் சும்மா சுழற்றினால் அறுந்துபோகும். ராக் மாற்றிய பிறகு ஏர்பேக் லைட் எரிந்தாலோ ஹாரன் அடிக்காமல் போனாலோ இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வழி ஒன்று: அலைன்மென்ட் மட்டும்

சக்கரங்களின் வாக்கை அளந்து நேராக்கும் வேலை இது. மிகவும் மலிவு, சில நூறு ரூபாயில் முடியும். ராக் மாற்றிய பிறகு எப்படியும் செய்தாக வேண்டியதுதான். ஆனால் இது தனி வைத்தியம் ஆகுமா என்பதுதான் கேள்வி. வீல் சாய்வு ஒன்று மட்டுமே புகார், அதுவும் கொஞ்சம்தான் என்றால் ஆகும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பினியன் தண்டில் 36 பல் இருந்தால், யோக் ஒரு பல் தள்ளி உட்கார்ந்தால் வீல் 10 பாகை சாயும். வீலின் ஒரு முழுச் சுற்றுக்கு ராக் 45 மில்லிமீட்டர் நகரும் வண்டியில், அந்த ஒரு பல் என்பது 1.25 மில்லிமீட்டர். ராக்கையும் சக்கரத்தையும் இணைக்கும் டை ராடை ஒரு பக்கம் சுருக்கி மறுபக்கம் அதே அளவு நீட்டினால் சரியாகிவிடும். ஒரு சுற்றுகூட முழுதாகத் தேவைப்படாது.

இரண்டு மூன்று பல் தள்ளியிருந்தால், டை ராடை வைத்து வீலை நேராக்குவது மூடி மறைக்கும் வேலை. வண்டி நேராகப் போகும், ஆனால் ராக் நடுவில் இருக்காது. இடப்பக்கம் ஒடிக்கிற அளவுக்கு வலப்பக்கம் ஒடியாது, யூ டர்ன் எடுக்கும்போது ஒரு பக்கம் மட்டும் கூடுதல் இடம் கேட்கும். குனிந்து பார்த்தாலே தெரியும்: இரண்டு டை ராடிலும் லாக் நட்டுக்கு வெளியே தெரியும் மரைகளை எண்ணுங்கள். என் வண்டியில் ஒரு பக்கம் 9, மறுபக்கம் 14. அன்றைய சாய்வுக்காகப் பிறகு அலைன்மென்ட் போட்டவர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார். அவருக்கு முன்னால் நடந்த வேலைதான் சரியில்லை.

வீலையே கழற்றி இரண்டு பல் தள்ளி மாட்டித் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இண்டிகேட்டர் தானாக அணைவதற்கான அமைப்பு, கிளாக் ஸ்பிரிங்கின் நடு, வீல் எவ்வளவு திரும்பியது என்று அளக்கும் கோண சென்சாரின் நடு எல்லாம் அந்த இடத்தைக் கணக்கில் வைத்துத்தான் பொருத்தப்பட்டிருக்கின்றன. கண்ணுக்கு மட்டும் நேராகத் தெரிந்து பயனில்லை.

வழி இரண்டு: கீழ் ஜாயிண்டைத் திறந்து, ராக்கை நடுவில் வைத்து மறுபடி சேர்ப்பது

பொருள் செலவு ஒரு போல்ட். மற்றதெல்லாம் கூலி. என்னைக் கேட்டால், ராக் மாற்றியவுடன் வந்த எந்தப் புகாருக்கும் முதலில் செய்ய வேண்டியது இதுதான். மாற்றிய பட்டறையே கூலி வாங்காமல் செய்து தருவதுதான் நியாயம், தயங்காமல் கேளுங்கள்.

நான் பழகிய இன்னொரு மெக்கானிக் அண்ணனிடம் வண்டியைக் கொண்டுபோனேன். டிரைவர் காலடியில் இருக்கும் ரப்பர் மூடியை விலக்கி டார்ச் அடித்தார். "இங்கே பாருங்க தம்பி" என்று கூப்பிட்டார். யோக்கின் வாய்க்குக் கீழே பினியன் தண்டின் பற்கள் ஒரு விரல்நுனி அகலத்துக்கு வெளியே தெரிந்தன, துருவுக்கு நடுவில் பளபளவென்று. முழுதாக உட்கார்ந்திருந்தால் அவை தெரியவே கூடாது. யோக்கில் சுத்தியல் அடித்த தழும்பு இரண்டு. துருப்பிடித்து இறுகியிருந்த யோக்கைக் கழற்ற அடித்திருக்கிறார்கள். அந்த அடி முழுவதும் கிராஸுக்குள் இருக்கும் ஊசி பேரிங்கில்தான் போய் விழுந்திருக்கும்.

பினியன் தண்டில் போல்ட் போவதற்கென்றே ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். யோக் சரியான ஆழத்துக்கு இறங்கினால் போல்ட் அந்தப் பள்ளத்தில் படிந்து குறுக்கே நிற்கும். அதன் பிறகு போல்ட் தளர்ந்தாலும் யோக் மேலே கழன்று வர முடியாது. என் வண்டியில் போல்ட் பள்ளத்துக்கு மேலே, பற்களை வெறுமனே நெருக்கிக்கொண்டு நின்றது. அந்த "டொக்" சத்தம் அங்கிருந்துதான். இந்த நிலையில் குடும்பத்தோடு தஞ்சாவூர் போய்வந்திருக்கிறேன் என்று நினைத்தபோது வயிற்றைப் பிசைந்தது. அந்தப் போல்ட் கழன்றால் வீல் சுற்றும், சக்கரம் திரும்பாது. பிரேக்கைத் தவிர வேறு எதுவும் கையில் இல்லை.

சரியாகச் சேர்க்கும் முறை இது. வீல் நேராகக் கட்டப்பட்டிருக்க, பினியனை ஒரு கோடி முதல் மறு கோடி வரை சுற்றி எத்தனை சுற்று என்று எண்ணுவது. மூன்றே கால் சுற்று என்றால், ஒரு கோடியிலிருந்து அதில் பாதி திரும்பி வந்தால் ராக் நடுவில் நிற்கும். அங்கே யோக்கை இறக்கி, பள்ளம் போல்ட் ஓட்டைக்கு நேராக வருகிறதா என்று பார்த்து, புதுப் போல்ட் போட்டு, சர்வீஸ் மேனுவல் சொல்லும் டார்க்கில் (இறுக்கும் விசை அளவில்) இறுக்குவது. பழைய போல்ட்டை மறுபடி போடக்கூடாது என்று பல கம்பெனி மேனுவல்களிலேயே இருக்கும். அப்புறம் டை ராட் இரண்டையும் சம நீளத்துக்குக் கொண்டுவந்துவிட்டு அலைன்மென்ட்.

ராக்கை எடுப்பதற்காக அதைத் தாங்கும் அடிச்சட்டமான சப்ஃப்ரேமை இறக்கியிருந்தால் அது பழைய இடத்திலேயே உட்கார்ந்ததா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சில மில்லிமீட்டர் விலகினாலும் யூ.ஜே.யின் சாய்வு மாறி இறுக்கம் வரும். தரையில் உள்ள ரப்பர் மூடி மடங்கித் தண்டில் உரசினால் "கிறீச்" சத்தம் வரும், அதற்கு எந்தப் பொருளும் வாங்க வேண்டாம், மூடியை நிமிர்த்தினால் போதும்.

வழி மூன்று: யூ.ஜே. ஷாஃப்ட்

சேர்த்த பிறகும் சுற்றுக்கு இரண்டு முறை இறுகினால், அல்லது பிரித்து வைத்த ஷாஃப்டில் கிராஸைக் கையால் மடக்கும்போது ஒரு பக்கம் சிக்கினால், ஷாஃப்டை மாற்ற வேண்டியதுதான். நல்ல கிராஸ் தன் எடையிலேயே தொய்ந்து விழும், ஆனால் ஆட்டம் இருக்காது. என்னுடையது நான் மடக்கிய இடத்திலேயே நின்றது. திரும்பிய ஸ்டியரிங் நேராக வராததற்குக் காரணம் அந்த உராய்வுதான். ரோட்டில் மழைத் தண்ணீர் தேங்கும் ஊர்களில் ஓடும் வண்டிகளில் கீழ் கிராஸ்தான் முதலில் துருப்பிடிக்கும்.

இங்கே மூன்று பேச்சு வரும். புது ஷாஃப்ட், கம்பெனி பார்ட்ஸோ நல்ல பெயருள்ள மாற்றுக் கம்பெனியோ, காலத்தின் விலையில் ஒரு சிறு பங்குதான். கிராஸை மட்டும் லேத்தில் கொடுத்து மாற்றுவது இன்னும் மலிவு. கிராஸ் தனியாகக் கிடைத்து, பிரஸ் வைத்து ஏற்றிப் பூட்டுகிற வகையாக இருந்தால் அதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. கம்பெனியிலேயே கவ்வி மூடிய வகையாக இருந்தால், அதைத் திறந்து வெல்டிங் வைத்து மூடித் தருகிறேன் என்பார்கள். ஸ்டியரிங் தண்டில் வெல்டிங்கை நான் எந்த விலைக்கும் ஏற்க மாட்டேன், நீங்களும் ஏற்காதீர்கள். மூன்றாவது, பழைய கிராஸில் எண்ணெய் விட்டு மடக்கி மடக்கித் தளர்த்துவது. சில வாரம் நன்றாக இருக்கும், துருவும் பேரிங்கின் தேய்மானமும் உள்ளேயே இருக்கும்.

நான் புது ஷாஃப்ட் வாங்கினேன்.

வழி நான்கு: காலத்தையே தொடுவது

காலம் உண்மையிலேயே கெடும், இல்லையென்று சொல்லவில்லை. மோட்டாரின் சுழற்சியைத் தண்டுக்குக் கொடுக்கும் பிளாஸ்டிக் பல் சக்கரம் தேயும். சில மாடல்களில் மோட்டாருக்கும் திருகுப் பல்லுக்கும் நடுவே ஒரு சின்ன ரப்பர் கப்ளிங் இருக்கும். அது பொடிந்தால் வீலை லேசாக இடம் வலமாக ஆட்டும்போது "டக் டக்" என்று வீல் பக்கத்திலேயே கேட்கும். ரப்பரின் விலை அற்பம், கழற்றி மாட்டும் கூலிதான் செலவு. இதற்காக முழு அசெம்பிளி வாங்க வேண்டியதில்லை. மேலிருந்து சத்தம் வருகிறதா, காலடியிலிருந்து வருகிறதா என்பதை ஒருவர் ஆட்ட, இன்னொருவர் விரலை வைத்துப் பார்த்துப் பிரித்துக்கொள்ளலாம்.

இ.பி.எஸ். லைட் எரிந்தால் ஸ்கேனர் போட்டு என்ன பிழைக் கோடு (error code) வருகிறது என்று கேளுங்கள். டார்க் சென்சார், கோண சென்சார் ஆகியவற்றின் நடுவை மறுபடி பதிய வைத்தாலே சில வண்டிகளில் சரியாகும். இ.எஸ்.பி. (வண்டி வழுக்காமல் காக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் கோண சென்சாரைப் பதிவு செய்வது கட்டாயம், அது இல்லாமல் வண்டி வளைவில் தவறான சக்கரத்துக்கு பிரேக் கொடுக்கலாம். ஸ்கேனரில் கோடே இல்லை, என்ஜின் ஆஃபிலும் இறுகுகிறது என்றால் புதுக் காலம் போட்டும் பயன் இருக்காது.

கோடும் சோதனையும் காலத்தைத்தான் காட்டுகின்றன என்றால் புதுசா, புதுப்பேட்டையா? சென்னைப் புதுப்பேட்டைக்குப் போனால் அதே மாடலின் பழைய காலம் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். அந்தக் கடைகளில் நானும் நல்ல பொருட்கள் வாங்கியிருக்கிறேன், கதவுக் கண்ணாடி, விளக்கு எல்லாம். காலம் வேறு சங்கதி. அது ஒரு பாதுகாப்புக் கருவி. மோதலில் டிரைவரின் மார்பைக் குத்தாமல் தானே உள்வாங்கி நசுங்கும்படி செய்த காலத்தை ஜெனரல் மோட்டார்ஸ் தன் 1967 கார்களில் கொண்டுவந்தது. 1968 முதல் அமெரிக்காவில் கார்களுக்கு அது சட்டமானது. அதைத் தாங்கும் பிராக்கெட்டில் அடி விழுந்தால் உடைந்து விலகும் சின்ன பிளாஸ்டிக் ஊசிகள் இருக்கும். பிரித்து விற்கப்படும் வண்டிகளில் விபத்தில் அடிபட்டவையும் உண்டு. அப்படி ஒரு வண்டியின் காலம் ஏற்கனவே கொஞ்சம் நசுங்கியிருந்தால், வெளியில் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். அது தவிர, சாவி லாக்கும், சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைசர் வளையமும் காலத்தில்தான் இருக்கும், மாடல் ஒன்றாக இருந்தாலும் கன்ட்ரோல் யூனிட் வேறு வேரியன்ட்டாக இருக்கலாம். இவ்வளவையும் சரிபார்த்து வாங்கத் தெரிந்தவர் கூட இருந்தால் ஒழிய நான் பழையது வேண்டாம் என்பேன். கையில் பணம் இல்லாவிட்டால், இருக்கிற காலத்தை இ.பி.எஸ். ரிப்பேர் மட்டுமே செய்கிற கடையில் கொடுத்துச் சரிசெய்வது பழையதை வாங்குவதைவிட மேல்.

எந்த வேலையாக இருந்தாலும் வீலையோ ஏர்பேக்கையோ தொடுவதற்கு முன் பேட்டரியைக் கழற்றி, மேனுவல் சொல்லும் நேரம் காத்திருக்கச் சொல்லுங்கள்.

புது ராக்கே கோளாறு என்றால்

இதையும் ஒதுக்கக் கூடாது. பினியனைத் தனியாகச் சுற்றும்போதே இறுகினால் ராக்கைத் திருப்பிக் கொடுப்பதுதான் வழி. அட்ஜஸ்டரைத் தளர்த்திப் பார்க்கலாம் என்பார்கள். ரீகண்டிஷன் செய்த ராக்கில், செய்தவரே தளர்த்தித் தந்தால் சரி. புது ராக்கில் நீங்கள் கை வைத்தால் வாரண்டி போய்விடும். பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள்.

என் வண்டிக்குக் கடைசியில் ஆனது இவ்வளவுதான்: யூ.ஜே. ஷாஃப்ட், ஒரு போல்ட், ராக்கை நடுவில் வைத்துச் சேர்த்த கூலி, அலைன்மென்ட். காலத்துக்குச் சொன்ன தொகையில் நான்கில் ஒரு பங்குகூட வரவில்லை. டை ராட் மரை இரண்டு பக்கமும் இப்போது 11, 12. அண்ணன் போல்ட்டை இறுக்கிய பிறகு போல்ட் தலையிலிருந்து யோக் வரை வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்தார். "500 கிலோமீட்டர் ஓட்டிட்டு ரப்பரை விலக்கிப் பாருங்க தம்பி, கோடு உடைஞ்சிருந்தா போல்ட் நகர்ந்திருக்குன்னு அர்த்தம், உடனே வந்துடுங்க" என்றார். போன ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். கோடு அப்படியே இருக்கிறது.